நீலகிரியில் கூரை ஏறும் சோலார் ஒப்பந்ததாரர்களுக்கு: கேள்வி-பதில்

வந்திருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவை சமவெளியில் தொழில் பழகி, இப்போது மலையில் வேலை எடுக்கும் ஒப்பந்ததாரர்களுடையவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: செயற்கைக்கோள் படத்தில் கூரையை அளந்து, ஆபீசில் இருந்தபடியே கொட்டேஷன் அனுப்புகிறோம். மலை வீடுகளுக்கும் இது போதுமா? (மேட்டுப்பாளையம்)

பதில்: போதாது. மேலிருந்து எடுத்த படத்தில் சாய்வு தெரியாது. 30 டிகிரி சாய்ந்த ஓட்டுக் கூரை, படத்தில் தெரிவதைவிட உண்மையில் சுமார் 15 சதவீதம் பெரியது. இதனால் நஷ்டமில்லை. நஷ்டம் தருவது, படத்தில் தெரியாத மலை. இங்கே பல வீடுகள் சரிவை வெட்டிக் கட்டியவை. பின்னால் தடுப்புச் சுவர், அதற்கு மேல் அடுத்த வீடு, அதற்கும் மேல் தேயிலைத் தோட்டத்து சில்வர் ஓக். கூரை எத்தனை சதுர அடி என்பதைவிட, அதில் எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

டிசம்பர் 21-ஐ வைத்துக் கணக்குப் போடுங்கள். அன்று ஊட்டியில் நண்பகலில்கூட சூரியன் தெற்கே சாய்ந்து சுமார் 55 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். காலை ஒன்பதுக்கும் பிற்பகல் மூன்றுக்கும் நிழல், பொருளின் உயரத்தைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நீளும். மரத்தின் உயரத்தை அதன் அடியிலிருந்து எடுக்காதீர்கள், உங்கள் கூரை மட்டத்திலிருந்து எடுங்கள். கூரையைவிட 6 மீட்டர் மேட்டில் நிற்கும் 10 மீட்டர் மரம், உங்கள் கணக்கில் 16 மீட்டர் மரம். அதன் நிழல் 24 மீட்டர் தள்ளி வந்து விழும்.

அப்புறம் மூடுபனி. பல இடங்களில் காலை வெயில் பளிச்சென்று இருக்கும், மதியத்துக்கு மேல் பனி ஏறிவிடும். அங்கெல்லாம் மேற்குக் கூரையைவிடக் கிழக்குக் கூரை நல்லது. அந்த ஒரு வீட்டின் நிலவரத்தை எந்த மென்பொருளும் சொல்லாது, குடியிருப்பவர்களைத்தான் கேட்க வேண்டும். துணி எங்கே காயப்போடுகிறார்கள், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள், எந்த மாதத்தில் காயவே காயாது என்று கேளுங்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை கொட்டும். குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபருக்கு மேல் வரும் வடகிழக்கு மழைதான் பெரிது. ஒரே மாவட்டம்தானே என்று எல்லா வீட்டுக்கும் ஒரே உற்பத்திக் கணக்கைக் கொடுப்பது, வீட்டுக்காரரை ஏமாற்றுவதாகும்.

கேள்வி: நிழல் தரும் மரத்தை வெட்டிக்கொள்ளலாம் என்று வீட்டுக்காரரே சொல்கிறார். அதை நம்பி வரைபடம் போடலாமா?

பதில்: வேண்டாம். தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955-லிருந்து இருக்கிறது. சொந்த நிலத்து மரமானாலும் அனுமதி வாங்க வேண்டும். அனுமதி கைக்கு வரும்வரை மரம் அங்கேயே நிற்கும் என்று வைத்துத்தான் வரைய வேண்டும். பக்கத்து நிலத்தில் இளம் கற்பூர (யூகலிப்டஸ்) மரங்கள் இருந்தால் அவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மளமளவென்று வளரும் மரம் அது.

கேள்வி: பழைய மங்களூர் ஓட்டு வீடு. ஏறினாலே ஓடு உடைகிறது. எப்படி சர்வே செய்வது? (குன்னூர்)

பதில்: ஏறாதீர்கள். ஓட்டு வீட்டை உள்ளேயிருந்துதான் பார்க்க வேண்டும். மச்சுக்குள் டார்ச்சோடு போய்க் கைமரங்களின் (கூரையைத் தாங்கும் சாய்ந்த மரச்சட்டங்கள்) அளவு, இடைவெளி, சுவரில் உட்காரும் முனை எல்லாவற்றையும் பாருங்கள். ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். பொதபொதவென்று இறங்கினால் கரையானோ ஈரமோ தின்றிருக்கிறது என்று அர்த்தம். 550 வாட் பேனல் ஒன்று 28 கிலோவுக்குப் பக்கத்தில் வரும். ஆறு பேனல், தாங்கும் ரெயில் எல்லாம் சேர்ந்து 200 கிலோ என்று வையுங்கள். நல்ல கைமரம் இதைத் தாங்கும். ஆனால் காற்று பேனலை மேலே இழுக்கும்போது பிடித்துக்கொள்ள வேண்டியதும் அதே கைமரம்தான். மலை முகட்டில் காற்றின் வேகம் கூடுவதற்கு காற்றின் சுமையைக் கணக்கிடும் இந்தியத் தர நெறியான ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதியில் தனிப் பெருக்கெண் இருக்கிறது. அதைச் சேர்த்துக் கணக்கிடச் சொல்லுங்கள். ரெயிலைப் பிடிக்கும் கொக்கி கைமரத்தில்தான் இறங்க வேண்டும், ரீப்பரில் (ஓடு உட்காரும் மெல்லிய குறுக்குச் சட்டம்) அல்ல.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால் மேலே கால் வைக்கவும் கூடாது, துளை போடவும் கூடாது. ஷீட் உடைந்து ஆள் விழுவது ஒன்று, துளையிடும்போது கிளம்பும் தூசு நுரையீரலுக்கு நஞ்சு என்பது இன்னொன்று. ஷீட்டை மாற்றினால்தான் வேலை என்று நேராகச் சொல்லிவிடுங்கள். மழைக்காலத்தில் பாசி பிடித்த கூரைக்குப் பெல்ட்டும் கயிறும் இல்லாமல் பையன்களை ஏற்றாதீர்கள். காய்ந்த நாளில் திரும்பி வாருங்கள்.

கேள்வி: வடக்குப் பார்த்த கூரை மட்டும்தான் இருக்கிறது. விட்டுவிடலாமா? (கோத்தகிரி)

பதில்: சாய்வைப் பொறுத்தது. ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் உள்ள ரேடியோ தொலைநோக்கி 11 டிகிரி சரிவில் நிற்கிறது. ஊட்டியின் அட்சரேகையும் அதுதான், அதற்காகவே அந்தச் சரிவைத் தேர்ந்தெடுத்தார்கள். பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பதால், ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே போகிறது. 10 டிகிரிச் சாய்வுள்ள வடக்குத் தகரக் கூரையைத் தாராளமாக எடுக்கலாம். 30 டிகிரி என்றால் டிசம்பர் நண்பகலில் நேர்வெயிலில் பாதிகூடக் கிடைக்காது, விட்டுவிடுங்கள். திசை பார்க்கும்போது போனைத் தகரத்தின் மேல் வைக்காதீர்கள், காம்பஸ் தப்பாகக் காட்டும்.

கேள்வி: ஊட்டிக் குளிரில் பேனல் நன்றாக வேலை செய்யும் என்கிறார்களே?

பதில்: செய்யும், ஆனால் வோல்டேஜும் ஏறும். திறந்த சுற்று வோல்டேஜ் (எதையும் இணைக்காதபோது பேனல் காட்டும் வோல்டேஜ்) 50 உள்ள பேனல் 11-ஐ வரிசையாகக் கோத்தால் 25 டிகிரியில் 550 வோல்ட். ஊட்டிக்குப் பக்கத்துத் தலைகுந்தாவில் உறைபனி விழும் ஜனவரிக் காலையில் அது 585-ஐத் தாண்டும். 550-தான் உச்சம் என்று போட்ட இன்வெர்ட்டர் அன்றே போய்விடலாம். அதோடு, இன்வெர்ட்டரின் விவரத்தாளில் உயர வரம்பைப் படியுங்கள். 2,000 மீட்டருக்கு மேல் முழுத் திறனுக்குப் பல மாடல்கள் உத்தரவாதம் தருவதில்லை. ஊட்டி சுமார் 2,240 மீட்டர். கூடலூரில் இந்தப் பிரச்சினை இல்லை.

கேள்வி: எத்தனை கிலோவாட் என்று எப்படி முடிவு செய்வது?

பதில்: இரண்டு மாதத்துக்கு ஒரு பில் என்பதால் ஆறு பில்லையும் வாங்கிப் பாருங்கள். ஹோம்ஸ்டே நடத்துபவருக்கு ஏப்ரல், மே சுற்றுலா சீசனில் கீசர் செலவு ஏறியிருக்கும். அதை மட்டும் வைத்துக் கணக்கிடக் கூடாது. வீட்டுக் கூரை சோலாருக்கு மத்திய அரசு 2024-ல் கொண்டுவந்த சூர்ய கர் திட்டத்தில் மானியம் 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட்டுக்கு 78,000. அதற்கு மேல் எத்தனை போட்டாலும் அதே 78,000-தான். இதையும் முதல் நாளே சொல்லுங்கள். இன்னொன்று: மின்வாரிய இணைப்போடு சேர்ந்து ஓடும் சாதாரண கிரிட் இன்வெர்ட்டர், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். மழைக்காலத்தில் மரம் விழுந்து கம்பி அறுகிற ஊர்களில் பலர் சோலார் கேட்பதே அந்த இருட்டுக்காகத்தான். பேட்டரி வேண்டுமா என்று கேட்டு, பதிலை சர்வே தாளில் எழுதி வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.