சேர்க்கையும் குறைகிறது, சேர்ந்தவர்களும் பாதியில் நிற்கிறார்கள்: கல்லூரிக்குள் எல்லாரும் சேர்ந்து என்ன செய்யலாம்?

கேட்டிருப்பவர் ஒரு கலை அறிவியல் கல்லூரியின் சேர்க்கைக் குழுவில் இருக்கிறார். நானும் குமரி மாவட்டத்தில் ஓர் அரசு உதவிபெறும் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டே அதே வேலையைப் பல வருடமாகப் பார்க்கிறேன். நான் முதலில் சொல்வது இதுதான்: சேர்க்கைக்கு ஒரு குழு, இடைநிற்றலுக்கு ஒரு குழு என்று பிரிக்காதீர்கள். ஜூனில் ஒரு பிள்ளையைச் சேர்த்த குழுவே வருடம் முடியும்வரை அந்தப் பிள்ளைக்குப் பொறுப்பாக இருக்கட்டும்.

எங்கள் பக்கம் படிக்க வையுங்கள் என்று யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். நாகர்கோவிலில் இருந்து மார்த்தாண்டம் வரை எத்தனையோ கல்லூரிகள். எல்லை தாண்டினால் திருவனந்தபுரம். பிளஸ் டூ முடித்த பிள்ளை எங்கே சேரும், சேர்ந்த இடத்தில் நிற்க வீட்டு நிலைமை விடுமா என்பதுதான் கேள்வி.

வீட்டு நிலைமை என்றால் முதலில் ஜூன் மாதத்தைப் பாருங்கள். சின்னமுட்டம் பக்கம் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அதே சமயம் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் மேற்கே ரப்பர் பால் வெட்டும் தடைப்படும். கடற்கரை வீட்டிலும் மலையோர வீட்டிலும் கையில் காசில்லாத அந்த நேரத்தில்தான் நாம் ஃபீஸ் கேட்கிறோம். ஆபீஸ் கணக்கில் அது 'பாக்கி'. வகுப்பு ஆசிரியருக்கு அந்தப் பாக்கி தெரியாது. பையன் வெட்கப்பட்டு வகுப்புக்கு வராமல் இருப்பது ஆபீசுக்குத் தெரியாது. அட்மிஷன் அன்றைக்கே ஆபீஸ்காரரும் ஆசிரியரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, அப்பா என்ன வேலை என்று கேட்டு, தவணையை ஆகஸ்டுக்குத் தள்ளிப்போட்டாலே சில பிள்ளைகள் படிப்பை விடாமல் இருப்பார்கள். அமெரிக்காவில் ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம் 2011 முதல் இப்படிச் சின்னப் பாக்கிக்காகப் பெயர் நீக்கப்பட இருந்த மாணவர்களைத் தேடிப் பிடித்து, அந்தத் தொகையைத் தானே கொடுத்துத் தக்கவைத்தது. அவ்வளவு பணம் நம்மிடம் இல்லை. தவணை கொடுக்கப் பணம் வேண்டாமே.

அடுத்தது புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன். கல்லூரியில் படிக்கும் பெண்களுக்கும் பையன்களுக்கும் இந்தத் திட்டங்களில் அரசு தரும் மாதம் 1000 ரூபாய் என்பது பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் ஜெராக்ஸுக்கும் ஆகும் பணம். அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழி படித்த பெண்களுக்கும் புதுமைப் பெண் வந்தபிறகு, அந்தப் பள்ளிகள் நிறைந்த எங்கள் மாவட்டத்தில் தகுதியுள்ளவர்கள் கூடிவிட்டார்கள். ஆனால் வங்கிக் கணக்கோடு ஆதார் இணையாமல், இனிஷியல் ஒத்துப்போகாமல் பணம் நின்றுபோகும். இதைத் தனியாக ஸ்காலர்ஷிப் செக்‌ஷனின் தலையில் கட்டாமல், கம்ப்யூட்டர் துறை சீனியர்களையும் என்.எஸ்.எஸ். பிள்ளைகளையும் முதல் வாரம் ஒரு மேஜை போட்டு உட்கார வையுங்கள்.

இனி கூட்டம். மாதம் ஒருமுறை வகுப்பு ஆசிரியர்கள், ஆபீஸ், ஹாஸ்டல் வார்டன், நூலகர், பி.டி. சார், சீனியர் மாணவர்கள், வாட்ச்மேன் எல்லாரும் ஒரே அறையில். வாட்ச்மேன் எதற்கு என்பார்கள். மலையோரத்தில் இருந்து வரும் ஒரு மாணவி கடைசி ஹவரில் தொடர்ந்து ஆப்சென்ட். அட்டெண்டன்ஸ் 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. படிப்பில் அக்கறை இல்லை என்று துறையில் முடிவு கட்டிவிட்டார்கள். கூட்டத்தில் பெயரைச் சொன்னதும் வாட்ச்மேன் அண்ணன் சொன்னார்: "அந்தப் பிள்ளயா? செருப்பக் கையில எடுத்துட்டு கேட்டுக்கு ஓடி வரும் சார். அந்த பஸ்ஸ விட்டா அடுத்தது இருட்டுன பொறவுதான்." விசாரித்தால் அதே பஸ்ஸுக்கு வேறு துறைப் பிள்ளைகளும் ஓடிக்கொண்டிருந்தார்கள். கடைசி ஹவரில் மொழிப் பாடம். தமிழும் மலையாளமும் எல்லாத் துறைக்கும் பொதுவாக நடப்பதால் ஒரு துறை மட்டும் நினைத்து மாற்ற முடியாது. மற்ற துறைகளும் ஒத்துக்கொண்டு மொழிப் பாடத்தைக் காலைக்குக் கொண்டுவந்தார்கள். அவள் டிகிரி முடித்துவிட்டாள். இதற்காகவே அந்த அறையில் எல்லாரும் வேண்டும் என்கிறேன்.

சேர்க்கைப் பக்கம் ஒரு கசப்பான விஷயம் இருக்கிறது. மாணவர் எண்ணிக்கை குறைந்தால் வொர்க்லோடு, அதாவது ஆசிரியர் எடுக்க வேண்டிய பாட நேரம், குறையும், வொர்க்லோடு போனால் பணியிடம் ஆட்டம் காணும். அதனால் ஒவ்வொரு துறையும் தனித்தனியாகப் பள்ளிக்குப் போகிறது. ஒரே பள்ளிக்கு ஒரே வாரத்தில் இரண்டு துறை போய் நின்றால் தலைமையாசிரியர் எரிச்சல்படாமல் என்ன செய்வார்? பயத்தில் பிடித்துப் போடப்பட்ட பிள்ளை நிலைப்பதும் இல்லை. காமர்ஸ் கேட்டவளைக் கணிதத்தில் சேர்த்தால் முதல் செமஸ்டரிலேயே அரியர் விழுகிறது, அதோடு ஆர்வமும் போய்விடுகிறது. எல்லாத் துறைக்கும் சேர்த்து ஒரே குழு போகட்டும். கூடவே அந்தப் பள்ளியிலேயே படித்து இப்போது நம்மிடம் படிக்கும் மாணவரை அழைத்துப் போங்கள். "கேண்டீன்ல சாப்பாடு எவ்வளவு மக்கா? அரியர் வச்சா திட்டுவாங்களா?" என்று அவரிடம்தான் கேட்பார்கள்.

அட்மிஷன் அன்று "நர்சிங்குக்குப் போட்டிருக்கியா மக்களே?" என்று நேராகக் கேளுங்கள். பி.எஸ்சி.யில் இடம் பிடித்து வைத்துவிட்டு நர்சிங் கவுன்சலிங் வந்ததும் கிளம்புகிறவர்கள் எங்கள் பக்கம் அதிகம். அதில் தப்பே இல்லை. முன்பே தெரிந்தால் போகிறவரை மனதார வாழ்த்தி அனுப்பலாம், இடம் கிடைக்காமல் சோர்ந்துபோகிறவரை நம்மிடமே தக்கவைக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. கல்யாணப் பேச்சு, அப்பாவின் குடி, கடன், இதையெல்லாம் அத்தனை பேர் நடுவில் பேசக் கூடாது. எங்கள் ஊர்களில் ஒரு பேச்சு அன்றைக்கே வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். கூட்டத்தில் பெயரும் 'உதவி தேவை' என்பதும் போதும். யார் பேசினால் அந்தப் பிள்ளை மனம் திறக்கும் என்று பார்த்து ஒருவரிடம் ஒப்படையுங்கள். அது பி.டி. சாராகவும் இருக்கலாம்.

கல்லூரி முதல்வர் தயங்கினால் ஒரே ஒரு துறையின் முதலாண்டு வகுப்பில் மட்டும் ஆரம்பியுங்கள். முதல் இன்டர்னல் தேர்வு முடிந்த வாரத்தில் கூட்டத்தை வையுங்கள். தேர்வுக்கு வராதவர்களின் பெயர் அப்போது கையில் இருக்கும், டி.சி. கேட்டு வர இன்னும் நாள் இருக்கும்.