முற்றத்தில் கீச், இருட்டில் டிக் டிக்: ஒளி வாத்தியத்தை வழிக்குக் கொண்டுவருவது எப்படி?

தேவகோட்டையிலிருந்து ஒரு தகப்பனார் எழுதியிருக்கிறார். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளுக்குப் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. கையை மேலே ஆட்டினால் சுருதி ஏறி இறங்கும் ஒளி வாத்தியம் ஒன்றை, 555 ஐசி என்ற சிப்பும் வெளிச்சத்தை உணரும் எல்டிஆரும் வாங்கி, அப்பாவும் மகளுமாக, பற்றவைக்காமல் பாகங்களைச் செருகும் பிரெட்போர்டில் செய்திருக்கிறார்கள். போட்டது 1 கே (1,000 ஓம்) ரெசிஸ்டரும் 104 என்று குறியிட்ட கெபாசிட்டரும். "முற்றத்தில் வைத்தால் காது கூசும்படி கீச்சென்கிறது. என் அம்மா சிள்வண்டு மாதிரி இருக்கிறது என்கிறார். விளக்கு வைக்கிற நேரத்தில் டிக் டிக் என்று கடிகாரம் போல ஆகிவிடுகிறது. டியூப் லைட்டைப் போட்டால் கரகரப்பு. ஐசி கெட்டுவிட்டதா, வேறு வாங்க வேண்டுமா?" என்று கேட்கிறார்.

வாங்க வேண்டாம். ஐசி நன்றாக இருக்கிறது, நீங்கள் இணைத்ததும் சரிதான். வெயிலில் கீச், இருட்டில் டிக் என்று மாறுகிறதே, அதுவே சர்க்யூட் ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு அத்தாட்சி. உங்கள் வீட்டு வெளிச்சத்துக்குத் தகுந்த மாதிரி அதை இன்னும் அளவெடுத்துத் தைக்கவில்லை, அவ்வளவுதான்.

எல்டிஆர் என்பது வெளிச்சம் பட்டால் மின்தடை குறையும் பொருள். மேலே பாம்பு நெளிவது போல ஒரு கோடு தெரியும் பாருங்கள், அந்தப் பரப்பில் இருப்பது காட்மியம் சல்ஃபைடு. 555 ஐசி, மின்சாரத்தைக் கொஞ்சம் தேக்கிவைக்கும் கெபாசிட்டர் நிறைவதும் வடிவதுமாக மாறி மாறி நடக்கும்படி பார்த்துக்கொள்கிறது. நிறைவதற்கும் வடிவதற்கும் ஆகும் நேரத்தை எல்டிஆர் தீர்மானிக்கிறது. ஒரு விநாடிக்கு எத்தனை முறை நிறைந்து வடிகிறதோ, அதுதான் நாம் கேட்கும் சுருதி.

கணக்கு எளிது. முதல் ரெசிஸ்டரோடு எல்டிஆரின் இரண்டு மடங்கைக் கூட்டி, அதைக் கெபாசிட்டரால் பெருக்குங்கள். 1.44ஐ அந்த விடையால் வகுத்தால் ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு எத்தனை முறை என்பது, கிடைக்கும். உங்கள் முற்றத்து உச்சி வெயிலில் எல்டிஆர் 300 ஓம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 1,000 + 600 = 1,600 ஓம். 104 என்றால் 0.1 மைக்ரோஃபாரட், அதாவது 0.0000001 ஃபாரட்; கணக்கில் ஃபாரட்டைத்தான் போட வேண்டும். விடை 9,000 ஹெர்ட்ஸ். சிள்வண்டு என்று அம்மா சொன்னது ரொம்பச் சரி! கை நிழலில் எல்டிஆர் 2 கே ஆனாலும் 2,880 ஹெர்ட்ஸ், அதுவும் கீச்சுதான். இருட்டில் எல்டிஆர் 10 லட்சம் ஓமுக்குப் போய்விட்டால் விநாடிக்கு ஏழு துடிப்புதான். ஏழு துடிப்பைக் காது ஸ்வரமாக எடுத்துக்கொள்ளாது, தனித்தனி டிக் ஆகத்தான் கேட்கும்.

அதனால் முதல் வேலை, வெளிச்சத்தை அளப்பது. இந்தப் படியைத்தான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். உங்கள் வீடு பழைய வளவு வீடு, அதாவது நடுவில் திறந்த முற்றம் வைத்த செட்டிநாட்டு வீடு, என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தச் சோதனைக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. எல்டிஆரைக் கழற்றி, தடையை அளக்கும் மல்டிமீட்டரின் முனைகளில் கிளிப் மாட்டிக்கொள்ளுங்கள். விரலால் பிடித்தால் உடம்பின் தடையும் சேர்ந்துகொண்டு அளவு தப்பாகக் காட்டும். மகள் அதை ஏந்திக்கொண்டு முற்றத்தின் நடுவிலிருந்து நடக்கட்டும்: வெயில், தூண் நிழல், பட்டாலை, இரண்டாங்கட்டு, கடைசியில் கதவைச் சாத்திய சாமான் அறை. ஒவ்வோர் இடத்திலும் நின்று, கையை ஒரு சாண் உயரத்தில் பிடித்து ஒரு அளவு, இரண்டு விரல் உயரத்தில் ஒரு அளவு. நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். சில நூறு ஓமில் தொடங்கி லட்சக்கணக்கில் முடியும். கண்காட்சியில் எல்லாரும் பார்க்க வேண்டியது இந்தப் பக்கம்தான் என்பேன்.

அப்படி அளக்கும்போது ஒன்று தெரியவரும். முற்றத்தை ஒட்டிய இடத்தில் எல்டிஆரைக் கையால் மறைத்தாலும் தடை அவ்வளவாக ஏறாது. சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசிய வழவழப்பான சுவர், ஆத்தங்குடிக் கல் பதித்த பளபளப்பான தரை, இரண்டும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கும். மேலே கை இருந்தாலும் பக்கவாட்டில் ஒளி நுழைந்துவிடும். இதற்குக் கறுப்புச் சார்ட் அட்டையில் ஒரு விரல் நீளத்துக்குக் குழாய் சுருட்டி எல்டிஆர்மேல் மாட்டுங்கள். இனி அது மேலே மட்டும்தான் பார்க்கும். கை அசைவு ஒவ்வொன்றும் கணக்கில் வரும்.

சரி, இப்போது சர்க்யூட். இரண்டே மாற்றங்கள். ஒன்று, 1 கே ரெசிஸ்டரை எடுத்துவிட்டு 10 கே போடுங்கள். இது மேல் எல்லை. எவ்வளவு வெயில் அடித்தாலும் 1,440 ஹெர்ட்ஸைத் தாண்டாது. இரண்டு, எல்டிஆரின் இரண்டு கால்களுக்கும் குறுக்கே ஒரு 47 கே போடுங்கள். இது கீழ் எல்லை. எல்டிஆர் இருட்டில் எங்கே போனாலும் மொத்தத் தடை 47 கேக்கு மேல் ஏறாது, சுருதியும் 138 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்காது. டிக் டிக் போய்விடும். மூன்று ஸ்தாயிக்கு மேல் கையில் இருக்கிறது (ஒரு ஸ்தாயி ஏறினால் ஹெர்ட்ஸ் இரண்டு மடங்கு). ஒரு வாத்தியத்துக்குத் தாராளம். இன்னும் கனமான நாதம் வேண்டுமென்றால் 104க்குப் பதில் 224 (0.22 மைக்ரோஃபாரட்) போடுங்கள், எல்லாம் ஒரு ஸ்தாயிக்குச் சற்றுக் கூடுதலாகக் கீழே இறங்கும்.

கால்களை மறுபடி ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். ஐசியின் வெட்டு இடப்பக்கம் இருக்கும்படி பிடித்தால் கீழ் இடது மூலை ஒன்றாம் கால். அங்கிருந்து கடிகாரம் சுற்றும் திசைக்கு எதிராக எண்ண வேண்டும். ஒன்று மைனஸுக்கு. எட்டும் நான்கும் பிளஸுக்கு. எட்டுக்கும் ஏழுக்கும் நடுவில் 10 கே. ஏழுக்கும் ஆறுக்கும் நடுவில் எல்டிஆரும் 47 கேயும். ஆறையும் இரண்டையும் ஒரு வயரால் சேர்த்து, அங்கிருந்து 104ஐ மைனஸுக்கு. ஐந்திலிருந்து ஒரு 103 (0.01 மைக்ரோஃபாரட்) கெபாசிட்டர் மைனஸுக்கு. மூன்றிலிருந்து 47 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், அதன் பிளஸ் கால் ஐசி பக்கம். பிறகு 100 ஓம், பிறகு 8 ஓம் ஸ்பீக்கர், ஸ்பீக்கரின் மறுமுனை மைனஸுக்கு. அந்த 100 ஓமை, சத்தம் குறைகிறது என்று எடுத்துவிடாதீர்கள், ஐசி சூடாகாமல் காப்பது அதுதான். பேட்டரி பக்கத்திலேயே ஒரு 100 மைக்ரோஃபாரட் பிளஸ், மைனஸ் பார்த்துப் போடுங்கள். ஒன்பது வோல்ட் சதுர பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும். நான்கு பென்சில் செல் போட்ட ஹோல்டர் ஆறு வோல்ட் தரும், அதிலேயே நன்றாகப் பாடும்.

டியூப் லைட் கரகரப்புக்கும் ஐசிக்கும் சம்பந்தமில்லை. நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் போட்ட டியூப் லைட் விநாடிக்கு 100 முறை மங்கி எரிகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த மினுக்கலை எல்டிஆர் பார்த்துவிடும், அது சுருதியோடு கலந்து வரும். மட்டமான எல்இடி பல்புகளிலும் இது உண்டு. ஜன்னல் வெளிச்சத்திலோ டார்ச் வெளிச்சத்திலோ வாசித்தால் நாதம் சுத்தமாக வரும். விளக்கில் எது மினுக்குகிறது என்று கண்டுபிடிக்கக்கூட இந்த வாத்தியம் உதவும், வீடு முழுக்க எடுத்துப்போய்க் கேட்டுப்பாருங்கள்.

அப்புறம் வாசிப்பு. எல்டிஆர் வெளிச்சத்துக்குச் சட்டென்று இணங்கும், இருட்டுக்கு மெதுவாகத்தான் இணங்கும். கையை எடுத்தால் சுருதி தாவி ஏறும். மூடினால் வழுக்கி இறங்கும். இதைக் குறையாக நினைக்க வேண்டாம். ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு இழைந்து போவது நம் காதுக்குப் பழகியது. காரைக்குடி சகோதரர்களின் வீணையைக் கொண்டாடிய ஊர்ப்பக்கம் இது. தந்தியை இழுத்து ஒரு ஸ்வரத்தை அசைத்தால் என்ன சுகம் என்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மகளை முதலில் பாட்டுக்குப் போக விடாதீர்கள். சுருதிப் பெட்டியில் ஒரு கட்டை சுருதியை வைத்து, ஸ்பீக்கர் அதோடு சேரும் வரை கையை ஏற்றி இறக்கட்டும். அதுதான் ஷட்ஜம் (ஸ), ஏறக்குறைய 261 ஹெர்ட்ஸ். அந்த உயரத்தைப் பக்கத்தில் நிறுத்திய ஸ்கேலில் பேனாவால் குறிக்கட்டும். அடுத்து பஞ்சமம் (ப), 392. அதன்பின் மேல் ஷட்ஜம், 523. மூன்று குறிகள் போதும், நடுவில் இருப்பதைக் காது தானே தேடிக்கொள்ளும். ஸ்பீக்கர் வயரில் ஒரு புஷ் பட்டன் போட்டுவிட்டால், அழுத்தும்போது மட்டும் ஒலிக்கும், ஸ்வரங்கள் தனித்தனியாக விழும். இடது கை பட்டனில், வலது கை வெளிச்சத்தில்.

கண்காட்சியில் யாராவது இதைத் தெரமின் என்று சொன்னால் மகள் பணிவாகத் திருத்தலாம். 1920 வாக்கில் ரஷ்யாவில் லெவ் தெரமின் கண்டுபிடித்த வாத்தியம் வெளிச்சத்தால் இயங்குவதில்லை. ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் கை வரும்போது மாறும் மின்தேக்கத்தால், அதாவது மின்சாரத்தைத் தேக்கும் அளவால், இயங்குகிறது. தொடாமல் வாசிப்பது ஒன்றுதான் இரண்டுக்கும் பொது. 555 ஐசியை 1971இல் வடிவமைத்தவர் ஹான்ஸ் காமென்சிண்ட் என்பதையும் சொல்லட்டும்.

ஒரு எச்சரிக்கை. காட்மியம் நஞ்சு. எல்டிஆரை உடைக்கவோ தேய்க்கவோ எரிக்கவோ கூடாது. மேல் பூச்சு பெயர்ந்ததைப் போட்டு வேலை செய்யாதீர்கள். வேலை முடிந்ததும் மகள் கை கழுவிவிட்டுச் சாப்பிடட்டும்.

கண்காட்சி நடக்கும் ஹாலின் வெளிச்சம் உங்கள் கையில் இல்லை. அதனால் வெளிச்சத்தையும் கூடவே எடுத்துப்போங்கள். பெரிய செருப்பு அட்டைப்பெட்டி ஒன்றைப் படுக்கவைத்து, ஒரு பக்கத்தைக் கை நுழையும் அளவு திறந்துவிடுங்கள். உள்ளே கறுப்புக் காகிதம் ஒட்டுங்கள். மேலே ஓட்டை போட்டு டார்ச்சை நேர் கீழே பார்க்கும்படி பொருத்துங்கள், தரையில் குழாய் மாட்டிய எல்டிஆர். முதல் நாள் இரவே அந்தப் பெட்டிக்குள் ஷட்ஜமும் பஞ்சமமும் குறித்து வைத்துவிடுங்கள். பையில் 224, 474 கெபாசிட்டர் ஒவ்வொன்று, புதுச் செல் நான்கு, மல்டிமீட்டர். டார்ச் செல் இறங்க இறங்கச் சுருதியும் இறங்கும், மதிய இடைவேளையில் மாற்றிவிடச் சொல்லுங்கள்.