ஒழுகுற பவர் ஸ்டீரிங் ஹோஸ், புதுசா அடிச்சு போடலாமா? கேட்டதுக்கெல்லாம் பதில்

வணக்கங்க. திருச்செங்கோட்டுல 18 வருஷமா ஹைட்ராலிக் ஹோஸ் (அழுத்தமா ஆயில் போற ரப்பர் குழாய்) அடிக்கிற, அதாவது வெட்டி முனை போட்டு செய்யுற வேலைதான் பாக்குறேன். போர் ரிக் லாரிங்கதான் எங்களுக்கு சோறு போடுது, ஆனாலும் மாசம் நாலஞ்சு கார்காரங்க ஒழுகுற பவர் ஸ்டீரிங் ஹோஸை கவர்ல சுத்தி எடுத்துட்டு வந்துருவாங்க. போன வாரம் ஒரு 2003 குவாலிஸுக்கு பிரஷர் லைன் (பம்புலருந்து ஆயில் அழுத்தமா போற ஹோஸ்) அடிச்சு குடுத்த படத்த போட்டதுலருந்து ஆளாளுக்கு கேள்வி, ஒவ்வொண்ணா சொல்றேன்.

கார்த்தி, சேலம்: அண்ணா, என்னோட எஸ்டீம்ல ஸ்டீரிங் ஆயில் வாரத்துக்கு ஒருக்கா குறையுது. மெக்கானிக் ரேக் போச்சுங்கிறாரு. ரேக்கா ஹோஸான்னு எப்படி கண்டுபுடிக்கிறது?

தம்பி, மொதல்ல ரேக்குக்கு காசு குடுத்துறாதீங்க. ரேக்குங்கிறது ஸ்டீரிங்க ஒடிச்சா முன் சக்கரத்த திருப்புற பாகம், அது கீழ இருக்குது, ஆயில் எங்க ஒழுகுனாலும் கீழதான் வழியும், அதனால எந்த லீக்கா இருந்தாலும் நனஞ்சு நிக்கிறது ரேக்தான், பாக்குறவங்களும் ரேக் மேலயே பழிய போட்டுருவாங்க. பம்புலருந்து ரேக் வரைக்கும் டீசல் போட்டு கழுவி, துணில தொடச்சு, நல்லா காய விட்டு, லைன் மேல முகத்துக்கு போடுற பவுடரை தூவுங்க. வீட்ல யாரையாவது வண்டிய ஸ்டார்ட் பண்ணி ஸ்டீரிங்க ரெண்டு பக்கமும் ஒடிக்க சொல்லிட்டு நீங்க டார்ச் அடிச்சு பாருங்க, பவுடர் எங்க மொதல்ல சேறாகுதோ அங்கதான் ஓட்டை. ரேக்கோட ரெண்டு முனையிலயும் மடிப்பு மடிப்பா ரப்பர் பூட் இருக்கும், அத அமுக்கி பாத்தா உள்ள ஆயில் தேங்கி நிக்குதுன்னா அப்ப ரேக் சீல் போனது நெசம்.

ஒண்ணு மட்டும் கெஞ்சி கேட்டுக்கிறேன், இன்ஜின் ஓடும்போது ஹோஸை கையால தடவி லீக் தேடாதீங்க. ஊசி முனை ஓட்டைலருந்து வர்ற ஆயில் தோலுக்குள்ள போயிரும், வெளிய பாத்தா ஒரு சின்ன புள்ளிதான் தெரியும், மொதல்ல வலி கூட பெருசா இருக்காது, சில மணி நேரத்துல கை வீங்கி ஆபரேஷன் வரைக்கும் போயிரும். அட்டைய நீட்டி பாருங்க, கைய நீட்டாதீங்க. அப்படி பட்டுருச்சுன்னா வலி இல்லைன்னு வீட்ல உக்காராம உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு போய் என்ன நடந்துச்சுன்னு தெளிவா சொல்லுங்க.

ரமேஷ், மதுரை: சார், ஒழுகுற எடத்த மட்டும் வெட்டிட்டு பெட்ரோல் ஹோஸ் ஒரு துண்டு போட்டு ரெண்டு பக்கமும் கிளிப் மாட்டுனா ஆகாதா?

ஆகாதுங்க. டயருக்கு நாம அடிக்கிற காத்து 2 பார் சொச்சம் (பார்ங்கிறது அழுத்தத்த அளக்கிற அலகு). கார் ஸ்டீரிங்க முழுசா ஒடிச்சு புடிச்சா பிரஷர் லைன்ல 80, 100 பார் கிட்ட நிக்கும், அதாவது டயர்ல இருக்கிறதுக்கு 35 மடங்குக்கு மேல. கிளிப் அதுல உருவிக்கிட்டு வந்துரும், வர்ற ஆயில் சூடான எக்ஸாஸ்ட் மேல விழுந்தா தீ புடிக்கும். ரிசர்வாயருக்கு திரும்பி வருதே அந்த ரிட்டர்ன் லைனுக்கு பிரஷர் கம்மி, அங்க கிளிப் தாராளமா போடலாம், ஆனா ஆயில் தாங்குற ஹோஸ் வேணும். ரேடியேட்டர் தண்ணிக்கு வர்ற ரப்பர் வேற ஜாதி, ஆயில் பட்டா ஊதி கொழகொழன்னு ஆயிரும்.

சரண்யா, கோவை: அண்ணா, எங்கப்பாவோட ஓப்பல் கோர்சாவுக்கு ஒரிஜினல் ஹோஸ் எங்கயுமே கிடைக்கல. ஜேசிபி ஹோஸ் கடைல அடிச்சு தர்றோம்னு சொல்றாங்க. நம்பி குடுக்கலாமா? என்ன சொல்லி குடுக்கணும்?

குடுக்கலாம்மா. அந்த கம்பெனி நம்ம நாட்டுல கார் வியாபாரத்த விட்டுட்டு போயி 2006லருந்து கணக்கு பண்ணுனா எத்தன வருஷம் ஆச்சு, இனி கடை கடையா தேடுறத விட அடிச்சு போடுறதுதான் வழி. ஆனா எல்லாமே முனைலதான் இருக்குது. ரப்பர் எவன் வேணா வெட்டுவான், முனை சரியா வந்தாதான் லைன் நிக்கும்.

நம்ம குவாலிஸ் ஹோஸ் கதையவே சொல்றேன். பாக்குறதுக்கு ரப்பர் நல்லாத்தான் இருந்துச்சு, வெடிப்பு எதுவும் இல்ல. பைஸ்ல புடிச்சு லேசா வளச்சேன், ரப்பரும் இரும்பு மூடியும் சேர்ற விளிம்புல செவப்பா ஒரே ஒரு சொட்டு எட்டி பாத்துச்சு, விட்டதும் உள்ள போயிருச்சு. அந்த மூடிய நீளவாக்குல அறுத்து பிரிச்சா உள்ள இருக்கிற கம்பி வலை துரு புடிச்சு டீத்தூள் மாதிரி உதிருது. இருபது வருஷ சூடு அங்கதான் வேலைய காட்டியிருக்குது. அதனால ரப்பர் நல்லா இருக்கே, மூடிய மட்டும் திரும்ப அமுக்கி குடுங்கன்னு கேக்காதீங்க. அப்படி அமுக்கி குடுத்து பத்து நாள்ல திரும்ப வந்த ஹோஸை நான் பாத்திருக்கேன்.

பழைய லைன்ல ரெண்டு பக்கமும் இரும்பு பைப் வளஞ்சு வரும், பம்ப் பக்கம் நெறைய வண்டிகள்ல பேஞ்சோ போல்ட் (உள்ள ஆயில் போக ஓட்டை இருக்கிற போல்ட்). அந்த வளைவும் தலையும் உங்க வண்டிக்குன்னே செஞ்சது, தூக்கி போட்டுறாதீங்க. பைப்பை வெச்சுக்கிட்டு, ஹோஸ் பிட்டிங்கோட அடித்தண்ட அதுல கேஸ் வெச்சு பிரேஸிங் பண்ணி (வேற உலோகத்த உருக்கி ஒட்டி), அப்புறமா புது ஹோஸை ஏத்தி மெஷின்ல அமுக்குவோம். ஆர்க் வெல்டிங் பத்த வைக்க விடாதீங்க, மெல்லிசு பைப் ஓட்டையாயிரும். அமுக்குறதுக்கு முன்னாடியே பிரேஸிங் முடிஞ்சு ஆறியிருக்கணும், ஹோஸை மாட்டிட்டு அப்புறம் சூடு காட்டுனா உள்ள ரப்பர் கருகி போயிரும். பிரேஸிங் வேணாம்னா பைப் மேல ஃபெரூல் (சின்ன இரும்பு வளையம்) கடிச்சு உக்கார்ற ஹைட்ராலிக் கப்ளிங் இருக்குது, அதுவும் நல்லா நிக்கும். தண்ணி குழாய்க்கு போடுற பித்தளை கப்ளிங் கூடவே கூடாது.

கடைக்கு ஹோஸை கழட்டி முழுசா எடுத்துட்டு போங்க, போட்டோ மட்டும் காட்டாதீங்க. கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு முனைக்கும் இன்னொரு முனைக்கும் எந்த பக்கம் திரும்பியிருக்குன்னு பெயிண்டுல கோடு போட்டு வைங்க. அந்த திருப்பம் மாறுனா மாட்டும்போது ஹோஸை முறுக்கித்தான் மாட்டணும், முறுக்குன ஹோஸ் சீக்கிரம் போயிரும். ஹோஸ் மேல நீளத்துக்கு எழுத்து அச்சடிச்சிருக்குமே, மாட்டுனதுக்கு அப்புறம் அந்த எழுத்து நேரா ஓடணும், கயிறு மாதிரி சுத்திக்கிட்டு போச்சுன்னா கழட்டி திரும்ப மாட்டுங்க.

அடிச்சு முடிச்சதும் கையில வாங்குறதுக்கு முன்னாடி உள்ள ஏர் அடிச்சு, சுத்தமான ஆயில் விட்டு ரெண்டு தடவ அலசி குடுக்க சொல்லுங்கம்மா. ஹோஸை பிளேடு மெஷின்ல வெட்டும்போது ரப்பர் தூளும் இரும்பு தூளும் உள்ள தங்கும், அது நேரா ரேக் வால்வுக்குள்ள போயி உக்காந்துரும். இத நெறைய கடைல செய்யறதே இல்ல, எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம் இது.

பிரவீன், ஓசூர்: ப்ரோ, 1 எஸ்.என் ஹோஸா 2 எஸ்.என் ஹோஸா? ஸ்ட்ராங்கா இருக்கட்டுமேன்னு 2 போட்டேன், இப்ப ஸ்டீரிங் ஒடிச்சா கொய்ய்யுனு சத்தம் வருது.

1 எஸ்.என்னா உள்ள ஒத்த கம்பி வலை, 2 எஸ்.என்னா ரெட்ட வலை. 3/8 இஞ்ச்ல ஒத்த கம்பி வலை ஹோஸே 180 பார் தாங்கும், ரெட்ட வலை 330 பார். உங்க காருக்கு ஒத்த வலையே தாராளம். ஒரிஜினல் பவர் ஸ்டீரிங் ஹோஸ் பிரஷர் ஏறும்போது கொஞ்சம் உப்பி குடுக்கிற மாதிரிதான் செஞ்சிருப்பாங்க, பம்ப் விட்டு விட்டு தள்ளுற அதிர்வை அந்த உப்பல்தான் வாங்கிக்கும். சில வண்டில ஹோஸுக்குள்ளயே ஸ்பிரிங் மாதிரி ஒரு குழாய் கூட இருக்கும், எல்லாம் சத்தத்துக்காகத்தான். ரெட்ட வலை ஹோஸ் விறைப்பு, அதிர்வ அப்படியே பாடிக்கு கடத்தும். அதனால ஒத்த வலை போடுங்க, பழசோட நீளத்த குறைக்காதீங்க. வளைவு 13 சென்டிமீட்டர் ஆரத்துக்கு கீழ போகாம பாத்துக்கங்க. சூடும் கேட்டு வாங்குங்க, சாதா ஹோஸ் 100 டிகிரி வரைக்கும்தான், எக்ஸாஸ்ட் பக்கம் போற லைன்னா அதுக்கு மேல தாங்குறது வேணும், மேல சூடு தாங்குற உறையும் போட்டுருங்க. ஆனா சத்தத்துக்கு மொதல்ல காத்து இருக்கான்னு பாருங்க, ரிசர்வாயர்ல ஆயில் நுரைச்சு பால் மாதிரி தெரிஞ்சா அது காத்து, ஹோஸ் மேல தப்பு இல்ல.

முருகேசன், திண்டுக்கல்: காத்து எடுக்கிறது எப்படிங்க?

முன் சக்கரம் ரெண்டையும் தூக்கி ஸ்டேண்ட் குடுத்துருங்க, ஜாக்கி மட்டும் நம்பாதீங்க. இன்ஜின் போடாம ஸ்டீரிங்க இந்த கோடிக்கும் அந்த கோடிக்கும் மெதுவா ஒரு 20 தடவ ஒடிங்க, ஆயில் குறைய குறைய ஊத்திக்கிட்டே வாங்க. நுரை அடங்குனப்புறம் ஸ்டார்ட் பண்ணி திரும்பவும் மெதுவா ஒடிங்க. கடைசி வரைக்கும் ஒடிச்சு அப்படியே புடிச்சுக்கிட்டு நிக்காதீங்க, அஞ்சு செகண்டுக்கு மேல கூடாது, பம்புக்கு அதுதான் பெரிய அடி.

நவீன், திருப்பூர்: அண்ணா, பேஞ்சோ போல்ட் எவ்ளோ முறுக்குனாலும் கசியுது. புது ஹோஸ்தான்.

காப்பர் வாஷர் பழசு போட்டிருப்பீங்க. ஒரு தடவ நசுங்குன வாஷர் கெட்டியாயிரும், திரும்ப முகத்துல ஒட்டாது. ரெண்டு பக்கமும் புதுசு போடுங்க, கெடைக்கலன்னா செவக்க காய்ச்சி தண்ணில போட்டா மெத்துன்னு ஆயிரும். அதுக்கும் நிக்கலன்னா மரைய பாருங்க. குறுக்களவு 16, மரை இடைவெளி 1.5 மில்லிமீட்டர் இருக்கிற மரைதான் கார்ல அடிக்கடி வரும், ஹோஸ் கடைல நெறைய இருக்கிறது 3/8 பி.எஸ்.பி (இஞ்ச் கணக்கு பைப் மரை). அது 16.66 மில்லி, பாக்க ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கும், ரெண்டு சுத்து ஏறவும் ஏறும், அப்புறம் கடிச்சுக்கிட்டு மரையவே தின்னுரும். மரை அளக்கிற கேஜ் வெச்சு பாக்காம ஸ்பேனர் போட விடாதீங்க. பம்ப் பக்க மரை போச்சுன்னா நஷ்டம் ஹோஸோட நிக்காது.

ஜான், நாகர்கோவில்: என்ன ஆயில் ஊத்துறது? கடைக்காரர் எல்லாத்துக்கும் செவப்பு ஆயில்னு சொல்றாரு.

நெறைய வண்டிக்கு செவப்பு ஏ.டி.எஃப் (ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்) சரிதான். ஆனா பழைய ஹோண்டா சிட்டிக்கு ஹோண்டா ஸ்டீரிங் ஆயில்தான், ஸ்கோடா ஆக்டேவியாவுக்கு பச்சை ஆயில், செவப்பையும் பச்சையையும் கலக்கவே கூடாது. ரிசர்வாயர் மூடில என்ன எழுதியிருக்கோ அத ஊத்துங்க. அவசரத்துக்கு பிரேக் ஆயில் ஊத்திட்டேன்னு ஒருத்தர் வந்தாரு, சீல் எல்லாம் ஊதிப்போயி ரேக்கே மாத்த வேண்டியதாயிருச்சு.

விஜி, தஞ்சாவூர்: லீக் நிக்க ஒரு பாட்டில் ஆயில் விக்குதே, அது?

அது சீல் ரப்பர கொஞ்சம் மெத்துன்னு ஆக்கும், அவ்வளவுதான். கம்பி வலை அறுந்த ஹோஸுக்கு ஒண்ணும் பண்ணாது.

அருண், சென்னை: என்னோட ஐ10ல ஸ்டீரிங் கனமா இருக்கு, ஹோஸ் மாத்தணுமா?

உங்க வண்டில ஹோஸே இல்லைங்க, மோட்டர் ஸ்டீரிங். பேட்டரி, பியூஸ் பாத்துட்டு எலக்ட்ரிக்கல் ஆள்கிட்ட காட்டுங்க.

செல்வம், நாமக்கல்: போற வழில ஹோஸ் பட்டுனு வெடிச்சுட்டா என்ன பண்றதுங்கண்ணா?

ஓரம் கட்டி இன்ஜின ஆஃப் பண்ணிருங்க, புகை, தீ இருக்கான்னு பாருங்க. ஆயில் இல்லாம பம்ப் ஓடுனா கொஞ்ச நேரத்துலயே உள்ள தேஞ்சுரும். பழைய வண்டில பம்புக்கு தனி பெல்ட் இருந்தா அத கழட்டிட்டு மெதுவா ஓட்டிட்டு வரலாம், ஸ்டீரிங் கனமா இருக்கும், ஆனா திரும்பும். ஒரே பெல்ட் எல்லாத்துக்கும் ஓடுற வண்டின்னா கழட்ட முடியாது, தண்ணி பம்பும் டைனமோவும் நின்னுரும், டோ பண்ணித்தான் கொண்டு வரணும்.

கார்த்தி, சேலம்: அண்ணா, பவுடர் போட்டு பாத்தேன், ஹோஸ்தான்! ரேக் காஞ்சு கெடக்கு. ஹோஸ் அடிச்சு போட்டப்புறம் எதாவது பாக்கணுமா?

சந்தோஷம் தம்பி. மாட்டுன அன்னைக்கே மூடி விளிம்புல ரப்பர் மேல வெள்ள பெயிண்ட்ல ஒரு கோடு போட்டு வைங்க. 500 கிலோமீட்டர் ஓட்டிட்டு பாருங்க, கோடு மூடிய ஒட்டியே இருந்தா கிரிம்ப் (மெஷின்ல மூடிய அமுக்குனது) புடிச்சிருக்கு. அரை மில்லி தள்ளியிருந்தாலும் வண்டிய நிறுத்திட்டு அடிச்ச கடைக்கே கொண்டு போங்க.