கடல் நுண்பாசிகள் கார்பனை எங்கே வைக்கின்றன?

கேள்வி: கடலில் மிதக்கும் நுண்பாசிகள் கார்பனை எப்படி எடுத்துக்கொள்கின்றன, எங்கே சேமிக்கின்றன? மரம் நடுவதைவிடக் கடலில் பாசியைப் பெருக்குவது மேலா?

பாசியின் உடம்பைக் கிடங்கு என்று நினைத்துக் கேட்டிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அது சட்டைப்பைச் சில்லறை மாதிரிதான். நிலத்துத் தாவரங்கள் எல்லாவற்றிலும் சேர்த்துச் சுமார் 450 பில்லியன் டன் கார்பன் நிற்கிறது. கடலின் மிதவைப் பாசிகள் அத்தனையையும் வடித்து எடுத்தாலும் 1 பில்லியன் டன் தேறினால் அதிகம். ஆனால் அந்தக் கொஞ்சூண்டு கூட்டம் ஆண்டுக்கு ஏறத்தாழ 50 பில்லியன் டன் கார்பனைப் பிடிக்கிறது. உலகத்தின் மொத்த ஒளிச்சேர்க்கையில் இது கிட்டத்தட்டப் பாதி. இருப்பு ஒன்று, வரவு ஐம்பது. அப்படியென்றால் வாரத்துக்கு ஒருமுறை மொத்தக் கூட்டமும் பிறந்து, தின்னப்பட்டு, மறுபடி பிறந்துகொண்டிருக்கிறது.

முதுகலை ஆய்வுக்காகச் சில மாதங்கள் குடுவைகளில் டயாட்டம் என்ற, சிலிக்காவால் கண்ணாடி ஓடு கட்டும் நுண்பாசியை வளர்த்திருக்கிறேன். அந்த ஆசையில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எடுத்துக்கொள்வது. கடல்நீரில் கார்பனுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அதில் ஏறத்தாழ 90 சதவீதம் பைகார்பனேட்டாகக் கரைந்திருக்கிறது. பாசிக்குத் தேவையான கார்பன் டை ஆக்சைடாக இருப்பது 1 சதவீதம்கூட இல்லை. அதுவும் காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் சுமார் 10,000 மடங்கு மெதுவாகத்தான் பரவும். போதாததற்கு ரூபிஸ்கோ வேறு. கார்பனைப் பிடித்துச் சர்க்கரையாகும் வழியில் சேர்த்துவிடும் நொதி இது. நாம் சாப்பிடும் சாப்பாடு அநேகமாக முழுவதும் இதன் கைபட்டு வந்ததுதான், ஆனால் வேலையில் மகா மந்தம். நொடிக்கு ஒரு சில மூலக்கூறுகளைத்தான் பிடிக்கும். அவ்வப்போது ஆக்சிஜனைத் தவறாகப் பிடித்துக்கொண்டு நேரத்தையும் ஆற்றலையும் வீணடிக்கும்.

ரூபிஸ்கோ இப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்று பாசிகள் அதைச் சுற்றி ஓர் ஏற்பாடு செய்துகொண்டன. செல் சவ்வில் உள்ள கடத்திப் புரதங்கள் பைகார்பனேட்டை உள்ளே இழுக்கும். இது சும்மா நடப்பதில்லை, ஆற்றல் செலவாகும். பசுங்கணிகத்துக்குள் பைரினாய்டு என்று ஒரு சிறு உருண்டை இருக்கிறது. ரூபிஸ்கோவில் பெரும்பகுதி அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும். கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற இன்னொரு நொதி பைகார்பனேட்டை அங்கேயே கார்பன் டை ஆக்சைடாக மாற்றிவிடும். மந்தமான குமாஸ்தாவை ஓர் அறையில் உட்காரவைத்து, காகிதங்களை அவர் மேஜைமேலேயே குவிப்பதுபோல. வேறு பக்கம் திரும்பவே அவருக்கு இடமில்லை.

ஒரு கிளைக்கதை. கார்பானிக் அன்ஹைட்ரேஸுக்கு வழக்கமாகத் துத்தநாகம் வேண்டும். திறந்த கடலின் மேல்மட்டத்தில் அது மிக அரிது. தலாசியோசைரா என்ற டயாட்டம் துத்தநாகம் கிடைக்காதபோது காட்மியத்தை வைத்தே இந்த நொதியைச் செய்துகொள்வது 2000-இல் தெரியவந்தது. நமக்கு விஷமான உலோகம் அதற்குக் கைக்கருவி.

அப்புறம் சேமிப்பு. பகலில் வெயில் இருக்கும்போது பிடித்த கார்பன் எல்லாம் உடனே செலவாகாது. பச்சைப் பாசிகள் அதை ஸ்டார்ச்சாகப் பசுங்கணிகத்துக்குள்ளேயே வைக்கும். டயாட்டங்கள் கிரைசோலாமினரின் என்ற, தண்ணீரில் கரையும் சர்க்கரைத் தொடராக மாற்றி, நுண்குமிழியில் அடைத்து வைக்கும். இரவில் அதை உடைத்துச் சுவாசிக்கும், புரதம் செய்யும், செல் பிரியும். விடியும்போது குமிழியில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது.

கொழுப்பு என்பது கஷ்டகாலத்துச் சேமிப்பு. நைட்ரஜன் தீர்ந்துவிட்டால் பாசியால் புதிதாகப் புரதம் செய்ய முடியாது, அதனால் செல் பிரிவது நிற்கும். வெயில் நிற்காதே! உள்ளே வரும் கார்பனை எங்காவது போட வேண்டும், எண்ணெய்த் துளிகளாகப் போடும். என் குடுவைகளில் நைட்ரேட்டை நிறுத்தினேன். பழுப்பு நிறத்தில் இருந்த தண்ணீர் நாளாக ஆக வெளிறிப்போனது. நைல் ரெட் சாயம் போட்டு நுண்ணோக்கியில் பார்த்தபோது ஒவ்வொரு செல்லுக்குள்ளும் பொன்மஞ்சளாகத் துளிகள் மின்னின. சாதித்துவிட்டதாக இரண்டு நாள் குதித்துக்கொண்டிருந்தேன். பிறகு செல்களை எண்ணிப் பார்த்தால் எண்ணிக்கை நகரவே இல்லை. செல்லுக்கு எண்ணெய் கூடியது உண்மை, குடுவைக்கு எண்ணெய் அவ்வளவாகக் கூடவில்லை. பாசி எரிபொருள் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப முட்டும் சுவர் இது என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

சரி, கார்பன் நிஜமாக எங்கே பூட்டப்படுகிறது? கீழே. பாசி எந்த வடிவில் வைத்திருக்கிறது என்பதைவிட, எவ்வளவு ஆழம் போய்ச் சேர்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தனி டயாட்டம் ஒன்று நாளைக்கு 1 மீட்டர் அளவில்தான் இறங்கும். கடலின் சராசரி ஆழம் சுமார் 3,700 மீட்டர், ஆக அடிக்குப் போகப் பத்து வருஷம். அதற்குள் எத்தனை வாய்கள்! ஆனால் பாசிகள் வெளியே கசியவிடும் பசைச் சர்க்கரையில் செத்த செல்களும் கழிவுகளும் ஒட்டிக்கொண்டு திரளும்போது, கடல்பனி என்று சொல்லும் அந்தத் திரள்கள் நாளைக்கு 100 மீட்டர் வரைகூட இறங்கும். டயாட்டத்தின் கண்ணாடி ஓடு கனம் சேர்க்கும். இப்படி மேல்மட்டத்தைவிட்டு இறங்குவது ஆண்டுக்கு 10 பில்லியன் டன் அளவில் இருக்கலாம். அதிலும் பெரும்பகுதியை வழியிலேயே பாக்டீரியாக்கள் தின்று கார்பன் டை ஆக்சைடாக்கிவிடும். ஆனால் 1,000 மீட்டருக்குக் கீழே அது நடந்தால், அந்தத் தண்ணீர் மறுபடி மேலே வரப் பல நூறு ஆண்டுகள் ஆகும். கடலடிச் சேற்றில் புதைவது மேலே பிடித்ததில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

சுண்ணாம்பு ஓடு கட்டும் காக்கோலித்தோஃபோர் என்ற நுண்பாசிகளைக் காட்டி, ஓட்டிலேயே கார்பன் பூட்டப்பட்டுவிட்டதே என்று சிலர் சொல்வார்கள். ஓட்டில் கார்பன் இருப்பது சரிதான். ஆனால் இரண்டு பைகார்பனேட்டில் ஒன்று ஓடாகும்போது மற்றொன்று கார்பன் டை ஆக்சைடாக வெளியேறும். கனத்தால் இறங்க உதவுகிறது என்ற அளவில் ஓட்டுக்கு மதிப்பு உண்டு.

இன்னொரு குழப்பமும் உண்டு. நாம் வெளியேற்றும் கார்பன் டை ஆக்சைடில் கால்பங்கு அளவுக்குக் கடல் வாங்கிக்கொள்வது முக்கியமாகக் கரைதலால், பாசியால் அல்ல. காற்றில் கார்பன் கூடுகிறது என்பதற்காகப் பாசி அதே அளவில் கூடிவிடாது. அதன் கையைக் கட்டியிருப்பது நைட்ரஜனும் இரும்பும்தான்.

அந்த இரும்பைத் தூவித்தான் பார்த்தார்கள். அன்டார்க்டிகாவைச் சுற்றியுள்ள தென் பெருங்கடலில் 2004-இல் நடந்த ஐஃபெக்ஸ் சோதனையில் டயாட்டங்கள் செழித்து, கடைசியில் திரண்டு, அந்தப் பெருக்கத்தின் பாதிக்குமேல் 1,000 மீட்டருக்குக் கீழே இறங்கியது. 2009-இல் இந்தியாவின் தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வேகனர் நிறுவனமும் சேர்ந்து அதே கடலில் லோஹாஃபெக்ஸ் நடத்தினார்கள். பாசி பெருகியது, ஆனால் டயாட்டம் பெருகவில்லை. வந்ததைச் சிறு ஓட்டுயிரிகள் மேய்ந்துவிட்டன, கீழே இறங்கியது சொற்பம். இரண்டு முறையும் தூவியது இரும்புதான். முதல் தடவை தண்ணீரில் ஓடு கட்டச் சிலிக்கா இருந்தது, இரண்டாம் தடவை அது ஏற்கெனவே தீர்ந்துபோயிருந்தது.