நீல் மெக்பெயின்: அணி மாறி அணி ஆடிய ஒரு ஸ்காட்லாந்து கால்பந்து வீரர் (கேள்வி பதில்)

கேள்வி: 51 வயதில் லீக் ஆட்டம் ஆடியவர் என்றே மெக்பெயினைப் பற்றிப் படித்திருக்கிறேன். அது உண்மையா?

பதில்: உண்மை. 1895 நவம்பர் 15 அன்று கேம்பல்டவுனில் பிறந்த அவர், 1947 மார்ச் 15 அன்று, தாம் மேலாளராக இருந்த நியூ பிரைட்டன் அணிக்குக் கோல்கீப்பர் கிடைக்காத நிலையில், ஹார்ட்டில்பூல்ஸ் யுனைடெட்டுக்கு எதிராகத் தாமே கோல்கீப்பராக இறங்கினார். அணி 3–0 எனத் தோற்றது. அந்த ஒரே ஓர் ஆட்டம் அவருடைய இருபது, முப்பதுகளின் உழைப்பை மறைத்துவிட்டது என்பதுதான் என் வருத்தம்.

கேள்வி: எந்தெந்த அணிகளில் ஆடினார்? ஏன் இத்தனை மாற்றங்கள்?

பதில்: எயர் யுனைடெட்டில் தொடங்கி, 1921 நவம்பரில் 4,600 பவுண்டுக்கு மான்செஸ்டர் யுனைடெட், 1923 ஜனவரியில் 4,200 பவுண்டுக்கு எவர்ட்டன், 1926இல் செயின்ட் ஜான்ஸ்டன், 1928 மார்ச்சில் லிவர்பூல், அதே ஆண்டு நவம்பரில் வாட்ஃபோர்டு. இவற்றுள் மான்செஸ்டரை விட்டுப் போனதற்குக் காரணம் தெளிவானது: ஹாஃப் பேக்காகிய (நடுக்களத்தில் நிற்கும் வீரராகிய) தம்மை முன்களத்தில் ஆடவைத்ததை அவர் ஏற்கவில்லை. தம் இடம் எது என்பதில் அத்தகைய உறுதி கொண்டவரை நான் பெரிதும் மதிக்கிறேன்.

கேள்வி: 4,600 பவுண்டில் அவருக்கு எவ்வளவு கிடைத்திருக்கும்?

பதில்: அத்தொகை விற்ற கழகத்துக்கே உரியது, வீரருக்கு ஒப்பந்தக் கையெழுத்துக்கென விதிகள் அனுமதித்தது 10 பவுண்டு மட்டுமே. 1922 முதல் இங்கிலாந்தில் வாரச் சம்பளத்தின் உச்ச வரம்பு ஆட்டப் பருவத்தில் 8 பவுண்டு, கோடையில் 6 பவுண்டு. ஆகவே அவரை வாங்கக் கொடுத்த விலையைக் கொண்டு ஒரு வீரருக்குப் பதினோரு ஆண்டுகள் உச்சச் சம்பளம் வழங்கியிருக்கலாம். அதைவிடக் கொடியது, ஒப்பந்தம் முடிந்த பின்பும் வீரரின் பதிவை (லீக்கில் ஆடுவதற்கான உரிமத்தை)க் கழகம் தன்னிடமே வைத்துக்கொள்ள இடமளித்த விதி. கழகம் இசையாவிட்டால் அவர் வேறெந்த லீக் அணிக்கும் போக முடியாது. அக்கால வீரர் ஒருவர் அடிக்கடி அணி மாறினார் என்பதைப் படிக்கும்போது, அவரை நிலையற்றவர் என்று எடைபோடும் முன் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

கேள்வி: ஹாஃப் பேக் என்பவர் தடுப்பாட்டக்காரர்தானா?

பதில்: பாதி அப்படித்தான். கோலுக்கு அருகே நிற்கும் தடுப்பாட்டக்காரர்களான இரண்டு ஃபுல் பேக்குகளுக்கு முன்னால் மூன்று ஹாஃப் பேக்குகள் நிற்பார்கள். அவர்களில் நடுவே நிற்கும் சென்டர் ஹாஃப் எதிரியைத் தடுப்பதோடு தாக்குதலையும் தொடங்கிவைப்பார். 1925இல் ஆஃப்சைடு விதி தளர்த்தப்பட்டது. பந்து தம்மிடம் அனுப்பப்படும்போது முன்கள வீரருக்கும் கோல் கோட்டுக்கும் இடையே மூன்று எதிரணியினர் இருக்க வேண்டும் என்பது இரண்டாகக் குறைந்தது. இங்கிலாந்து லீக்கின் உயர்மட்டப் பிரிவான முதல் டிவிஷனில் முந்தைய பருவத்தில் 1,192ஆக இருந்த கோல்கள் அடுத்த பருவத்தில் 1,703ஆக உயர்ந்தன. அதன் பின் பல அணிகள் சென்டர் ஹாஃபைப் பின்னுக்கு இழுத்துத் தடுப்பதற்கு மட்டுமே நிறுத்தின. மெக்பெயின் தம் முப்பதாம் வயதை ஒட்டி இம்மாற்றத்தைச் சந்தித்தார்.

கேள்வி: ஸ்காட்லாந்துக்காக ஆடினாரா?

பதில்: மூன்று முறை, 1922க்கும் 1924க்கும் இடையில்.

கேள்வி: ஓய்வுக்குப் பின்?

பதில்: வாட்ஃபோர்டில் 1929 முதல் 1937 வரை மேலாளராக இருந்தார், பிறகு லூட்டன் டவுனுக்கும், 1949இல் அர்ஜென்டினாவின் எஸ்துதியாந்தெஸ் அணிக்கும் பொறுப்பேற்றார்.