இருமிக்கொண்டு வரும் காவல்காரர்

அன்புள்ள அக்காவுக்கு,

போன மாதம் ஒரு கட்டுரையில், போகிற போக்கில், 'மெட்டல் கியர் சாலிட் 5: தி ஃபாண்டம் பெயின்' என்ற வீடியோ கேம் விளையாடியதாக எழுதியிருந்தீர்கள். நம்பவே முடியவில்லை. நான் அதை இரண்டு முறை முடித்தவன். மொத்தம் 140 மணி நேரம் ஆகியிருக்கும். ஒளிந்து ஊடுருவும் விளையாட்டுகளில் இதற்கு மேல் ஒன்று இல்லை என்பது என் கருத்து. யாரையும் வீணாகக் கொல்லாமல் 600 சிப்பாய்களுக்கு மேல் மயக்கி, பலூனில் கட்டி என் தளத்துக்கு அனுப்பியிருக்கிறேன். ஆனால் உலகம் பெரிதாக இருந்தும் வெறுமையாக இருக்கிறது, கதை பாதியில் நின்றுவிடுகிறது. தூரத்திலிருந்து குறிபார்த்துச் சுடும் ஸ்னைப்பர் பெண்ணாக வரும் க்வயட் பாத்திரத்தின் அரைகுறை உடையை எல்லாரும் திட்டுகிறார்கள், அவள் தோல் வழியாக மூச்சுவிடுகிறாள் என்று கதையிலேயே காரணம் சொல்லியிருக்கிறார்களே? என் அண்ணன் இதெல்லாம் நேர விரயம் என்கிறார். முடிக்கப்படாத ஒன்றை மகத்தான படைப்பு என்று சொல்லலாமா? அடுத்து என்ன விளையாடலாம்?

எஸ்., பெல்லந்தூர், பெங்களூரு

அன்புள்ள தம்பி,

அண்ணனை விடுங்கள். அவர் ஒரு ஐபிஎல் சீசனுக்கு எத்தனை மணி நேரம் சோபாவில் உட்கார்கிறார் என்று கூட்டிச் சொல்லுங்கள், அதற்கப்புறம் பேச மாட்டார்.

முதலில் திட்ட வேண்டியதைத் திட்டிவிடுகிறேன். க்வயட் தோலால் மூச்சுவிடுகிறாள், அதனால் துணி உடுத்த முடியாது. சரி. 2004-ல் வந்த மூன்றாம் பாகத்தில் தி எண்ட் என்று ஒரு கிழவர் வருவாரே, அவரும் ஸ்னைப்பர்தான், அவரும் செடி மாதிரி வெயிலைச் சாப்பிட்டு வாழ்பவர்தான். அவர் மட்டும் கழுத்துவரை உடுத்திக்கொண்டு காட்டில் படுத்திருக்கவில்லையா? காரணம் தெரிந்ததும் உங்கள் வார்த்தைகளுக்காக வெட்கப்படுவீர்கள் என்று, இந்த விளையாட்டை உருவாக்கிய கோஜிமா 2013-ல் சொன்னார். காரணம் தெரிந்துவிட்டது, எனக்கு வெட்கம் ஒன்றும் வரவில்லை. முதலில் உடையை முடிவுசெய்துவிட்டு, அப்புறம் அதற்கு உயிரியல் பாடம் எழுதினால் அது காரணமாகிவிடுமா? படித்த பையன், இதை எனக்கு எழுத உங்களுக்குக் கூச்சமாக இல்லையா? போகட்டும்.

நான் எப்படி விளையாட வந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இனி ஆளாளுக்குக் கேட்பீர்கள். மாடிப்படியில் சறுக்கிக் கணுக்கால் எலும்பு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டோடு கிடந்தேன். வேலைக்காகப் புனே போன மகன் விட்டுப்போன பிளேஸ்டேஷன் டிவிக்குக் கீழே தூசி படிந்து இருந்தது. போனிலேயே எந்தப் பொத்தான் எதற்கு என்று சொல்லிக்கொடுத்தான். முதல் வாரம் நான் செய்ததெல்லாம் குதிரையை மலைச்சரிவில் முட்டவிட்டதுதான். ஏற முடிகிற சரிவு எது, முடியாதது எது என்று கடைசிவரை எனக்கு விளங்கவில்லை.

இரண்டாம் வாரம் ஒரு சின்னக் காவல் சாவடி. மூன்றே பேர். பாறைக்குப் பின்னால் படுத்துக்கொண்டு பைனாகுலரில் பார்த்தேன். ஒருவன் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போகிறான், நிற்கிறான், திரும்புகிறான். சும்மா பத்து நிமிஷம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுடவில்லை, நகரவில்லை. அவன் நடையில் எனக்குத் தெரிந்த ஏதோ ஒன்று இருந்தது.

உங்கள் கடிதம் இதைத்தான் தொட்டுவிட்டது. விளையாட்டில் கதை நடக்கும் வருடம் 1984, நான் ஊர்ந்து திரிந்த இடம் சோவியத் படை புகுந்திருந்த ஆஃப்கானிஸ்தான். அதே 1984-ல் எனக்குப் பதினொரு வயது, என் அப்பா இதே பெங்களூரில் ஒரு மில்லில் ராத்திரி வாச்மேன்.

ஸ்ரீராமபுரத்தில் ஒற்றை அறை வீடு. ராத்திரி எட்டரைக்கு நான்தான் சாப்பாடு எடுத்துப் போவேன். அப்பாவின் தோளில் தோல் பையில் ஒரு கனமான கடிகாரம் தொங்கும், டிபன் டப்பா அளவுக்கு. மில் வளாகத்தில் பதினொரு இடத்தில் சின்ன இரும்புப் பெட்டி, ஒவ்வொன்றிலும் சங்கிலியில் கோத்த ஒரு சாவி. காவல்காரர் அங்கே போய் அந்தச் சாவியைக் கடிகாரத்தில் போட்டுத் திருப்ப வேண்டும், உள்ளே இருக்கும் வட்டக் காகிதத்தில் அந்த நேரத்துக்கு நேராக அந்தச் சாவியின் எண் பதியும். காலையில் ஆபீஸில் பூட்டைத் திறந்து காகிதத்தை எடுத்துப் பார்ப்பார்கள். எங்கே எப்போது நின்றார், எங்கே நிற்கவில்லை, எல்லாம் அதில் இருக்கும். மில்லை அப்பா காவல் காத்தார், அப்பாவை அந்தக் கடிகாரம் காவல் காத்தது. ஒருநாள் பெருமழை, நான் திரும்பிப் போக முடியாமல் அவரோடு சைக்கிள் ஷெட்டில் உட்கார்ந்திருந்தேன், ஏழாம் சாவி விட்டுப்போயிற்று. அரை நாள் சம்பளத்தைப் பிடித்துவிட்டார்கள். மகள் வந்திருந்தாள், மழை என்று சொல்லிப் பார்த்தாராம். காகிதத்தில் மழை பதியாது இல்லையா.

இப்போது விளையாட்டுக்கு வாருங்கள். ஒளிந்து போகும் விளையாட்டு என்றால் எல்லாரும் ஒளிகிற ஆளைப் பற்றிப் பேசுகிறார்கள். துப்பாக்கி, அட்டைப்பெட்டி, நாய், குதிரை, அந்த இயந்திரக் கை. அதெல்லாம் இருக்கட்டும், இந்த விளையாட்டு நிற்பது காவல்காரன் மேல்தான். அவன் முட்டாளாக இருந்தால் விளையாட்டு செத்தது, ரொம்பப் புத்திசாலியாக இருந்தாலும் செத்தது. கோஜிமாவின் ஆட்கள் இதைப் புரிந்துகொண்டவர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தூரத்தில் ஏதோ அசைந்தால் சிப்பாய் உடனே சுடுவதில்லை, முதலில் உற்றுப் பார்க்கிறான், அப்புறம் தயங்கித் தயங்கி வருகிறான். மயங்கிக் கிடக்கும் கூட்டாளியைக் கண்டால் எழுப்புகிறான். ரேடியோவில் மேலிடத்துக்குச் சொல்கிறான், தகவல் கருவியை நீங்கள் முன்னாலேயே உடைத்துவைத்திருந்தால் அந்தப் பேச்சு எங்கும் போய்ச் சேருவதில்லை. ஜெனரேட்டரை நிறுத்தினால் விளக்கு அணைகிறது. சாயங்காலம் ஷிஃப்ட் மாறுகிறது. எல்லாவற்றையும்விட, அவர்கள் கற்றுக்கொள்கிறார்கள். நீங்கள் தலையிலேயே சுட்டுக்கொண்டிருந்தால் கொஞ்ச நாளில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள், ராத்திரியிலேயே வந்துகொண்டிருந்தால் இருட்டில் பார்க்கும் கண்ணாடி வந்துவிடுகிறது. எனக்குச் சோம்பல், எப்போதும் தலைதான், அதுவும் ராத்திரிதான். ஒரு மாதத்தில் ஆஃப்கானிஸ்தான் முழுக்க என்னால் ஹெல்மெட் ஏறிவிட்டது.

முதலில் அவர்கள் ரஷ்ய மொழியில் பேசுவது வெறும் சத்தம். ஒரு மொழிபெயர்ப்பாளரைத் தேடித் தூக்கிவந்த பிறகுதான் அர்த்தம் திரையில் வருகிறது. மொழி தெரியாத ஊரில் போய் நின்றவர்களுக்கு இதன் அருமை தெரியும். அப்பா 1971-ல் திருப்பத்தூரிலிருந்து இங்கே வந்து முதலில் கற்றுக்கொண்ட கன்னடம் "யாரது". அதைக் கற்றுக்கொள்ளவே வேண்டியிருக்கவில்லை, இரண்டு மொழியிலும் அது கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று சொல்லிச் சிரிப்பார்.

அப்புறம் அந்த இருமல். இதை எழுதத்தான் இவ்வளவும் சுற்றி வந்தேன்.

மில்லின் பின்பக்கச் சுவரில் ஓட்டை ஒன்று உண்டு. தெருப் பிள்ளைகள் நாலு பேர் அது வழியாகப் புகுந்து கழித்துப்போட்ட, நூல் சுற்றும் மர பாபின்களை எடுத்துவருவோம், பம்பரம் மாதிரி சுற்றலாம். அப்பாவின் சுற்று எனக்கு மனப்பாடம், அதனால் நான்தான் தலைவி. ஒருநாள் கணக்குத் தப்பிவிட்டது. பஞ்சுப் பொதிக்குப் பின்னால் நாலு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம், மூலையைத் திரும்புவதற்கு முன்னாலேயே இருமல் கேட்கிறது, இரண்டு தடவை. அப்புறம் டார்ச் வெளிச்சம் வந்து பொதிக்கு ஒரு முழம் தள்ளித் தரையிலேயே நிற்கிறது. சங்கிலி இழுபடும் சத்தம். சாவி திரும்பும் 'கர்க்'. போகும்போது இருட்டைப் பார்த்து, யாரிடமும் சொல்லாத மாதிரி, "இங்கெல்லாம் பாம்பு இருக்கும்" என்றார். போய்விட்டார்.

வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பல வருஷம் கழித்து, மில்லை மூடிய பிறகு, நானே கேட்டேன், மூலைக்கு மூலை ஏன் இருமிக்கொண்டே போவீர்கள் என்று. "திருடனைப் பிடிக்கிறதுக்கா பாப்பா சம்பளம்? அவன் வராம இருக்கறதுக்குத்தான். நான் வர்றது அவனுக்குத் தெரியணும்ல. நேர்ல பாத்துட்டா ரெண்டு பேருக்கும் கஷ்டம்."

உங்கள் சிப்பாய்களும் அதைத்தான் செய்கிறார்கள், தம்பி. என்ன சத்தம் என்று தனக்குத்தானே உரக்கச் சொல்லிக்கொள்கிறார்கள், வருவதற்கு முன்னால் காலடி கேட்கிறது, விளக்கு முன்னால் வருகிறது. நிஜமான போர்வீரன் அப்படிச் செய்ய மாட்டான் என்று என் மகன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒளிகிறவனுக்கும் தேடுகிறவனுக்கும் நடுவில் இப்படி ஒரு பேசாத ஏற்பாடு இருப்பதை நான் பஞ்சுப் பொதிக்குப் பின்னால் நின்று பார்த்தவள்.

இப்போது அந்த 600 பேர். என்ன பெருமையாக எழுதியிருக்கிறீர்கள்! அந்தப் பலூன் முறை நிஜத்திலும் இருந்தது, 1958-லேயே அமெரிக்காவில் ஒரு மனிதரை அப்படித் தரையிலிருந்து விமானத்துக்குத் தூக்கிப் பார்த்திருக்கிறார்கள். விளையாட்டிலும் முதல் தடவை பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கிறது, ஆடும் போகிறது, கரடியும் போகிறது, கத்திக்கொண்டே மனிதனும் போகிறான். பத்தாவது தடவைக்கு மேல் நான் சிப்பாயைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். பைனாகுலரை வைத்ததும் அவனுக்குப் பக்கத்தில் எழுத்து வந்துவிடுகிறது, இவன் போருக்கு இன்ன தரம், மருத்துவத்துக்கு இன்ன தரம் என்று. சந்தையில் கத்தரிக்காயைப் புரட்டிப் பார்க்கிற மாதிரி ஆகிவிட்டேன். காதும் கண்ணும் பயமும் கொடுத்து அவ்வளவு அருமையாகச் செய்த காவல்காரனைக் கடைசியில் சரக்காக்கிக் கொக்கியில் மாட்டியதுதான் இந்த விளையாட்டின் பெரிய குறை என்பேன். கொல்லவில்லை என்கிறீர்கள், சரி. அவனிடம் கேட்டா தூக்கினீர்கள்?

உலகம் வெறுமை என்று எல்லாரும் சொல்வதைத்தான் நீங்களும் சொல்கிறீர்கள், ஆனால் எது இல்லை என்று சொல்லவில்லை. இடம் பெரிது, செய்ய வேலை குறைவு என்பது எனக்குப் பெரிய விஷயம் இல்லை, சும்மா குதிரையில் போவது எனக்குப் பிடித்திருந்தது. 1979 டிசம்பரில் சோவியத் படை உள்ளே வந்த பிறகு லட்சக்கணக்கானவர்கள் பாகிஸ்தானுக்கும் ஈரானுக்கும் போனது நிஜம்தான், ஊர்கள் காலியானதும் நிஜம்தான். ஆனாலும் ஆஃப்கானிஸ்தானில் ஒரு கதையை வைத்துவிட்டு ஒரு கிழவி இல்லை, ஒரு கடை இல்லை, விறகு சுமக்கும் ஒரு பிள்ளை இல்லை என்றால் எப்படி? பஷ்தோ மொழிபெயர்ப்பாளரைக்கூடத் தேடிப் பிடிக்கலாம், ஆனால் பஷ்தோவில் சாப்பிட்டாயா என்று கேட்க ஆள் இல்லை. அந்தச் சிப்பாய்களுக்கும் ஷிஃப்ட் மாறுகிறதே தவிர, போவதற்கு வீடு இல்லை. யாரும் அவனுக்குச் சாப்பாடு எடுத்துவருவதில்லை. தூக்குவாளியோடு ஒரு பெண்குழந்தை அந்தச் சாவடிக்கு வந்திருந்தால் நீங்கள் பலூனை எடுத்திருப்பீர்களா? எனக்கு அதைப் பார்க்க வேண்டும், அப்படி ஒரு விளையாட்டை யாராவது செய்தால் இன்னொரு காலை உடைத்துக்கொள்ளவும் தயார்.

மற்றதெல்லாம் உங்களுக்கே தெரிந்ததுதான். கதையில் பாதியைக் கேசட்டில் போட்டுக் கேட்கச் சொல்வது, ஒவ்வொரு பணிக்கும் முன்னால் சினிமா மாதிரி பெயர் போட்டு யார் வரப்போகிறார்கள் என்று போட்டு உடைப்பது, விளையாட்டுக்குள் இருக்கும் தளத்துக்கு நிஜக் காசு வாங்கிக் காப்பீடு விற்றது. 2015 டிசம்பரில் கோஜிமா, விளையாட்டை வெளியிட்ட கொனாமி நிறுவனத்தைவிட்டு வெளியேறிய கதையைப் பேச ஆரம்பித்தால் விடிந்துவிடும், அதை எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

ஏதோ கேட்டிருந்தீர்களே. அடுத்து என்ன என்றால், 2018-ல் வந்த ஹிட்மேன் 2-ல் மும்பை வருகிறது, அதைப் பாருங்கள். திறந்த உலகம் எல்லாம் இல்லை, கைக்குள் அடங்கும் ஒரு வட்டாரம்தான், ஆனால் நெரிசல், முடிவெட்டுகிறவர், தையற்காரர், சலவைத் தொழிலாளி என்று ஆட்கள் இருக்கிறார்கள்.

முடிக்காத படைப்பு மகத்தானதா என்ற கேள்விக்கு நான் எப்படிப் பதில் சொல்வது? விளையாட்டில் சேர்க்காமல் விட்ட 51-ஆவது பணியை அரைகுறைக் காட்சிகளாகச் சிறப்புப் பதிப்பின் ப்ளூ-ரே வட்டில் மட்டும் வைத்தார்கள் என்பதே மகன் சொல்லித்தான் தெரியும். இரண்டாம் பகுதியில் செய்த வேலையையே கஷ்டமாக்கித் திரும்பக் கொடுக்க ஆரம்பித்தார்கள், அந்த வாரம் மாவுக்கட்டையும் பிரித்துவிட்டார்கள். என் ஆட்டம் 43 சதவிகிதத்தில் நிற்கிறது.

அன்புடன்,
அக்கா