வாசகர் கேள்வி-பதில்: ஒரு வேன், நாலு ட்ரிப், போதுமா?

கேள்வி: தங்கைக்குக் கல்யாணம். வெளியூரிலிருந்து வரும் 80 பேரை ஓர் ஓட்டலில் தங்க வைக்கிறோம். அங்கிருந்து மண்டபத்துக்கு அரை மணி நேரம். 20 சீட் வேன் ஒன்று போதும், நாலு ட்ரிப் அடித்துவிடலாம் என்று ட்ராவல்ஸ்காரர் சொல்கிறார். அப்பா தலையாட்டிவிட்டார், எனக்குத்தான் இடிக்கிறது.

பதில்: இடிக்க வேண்டியதுதான். அவர் சீட்டைத்தான் எண்ணியிருக்கிறார், நேரத்தை எண்ணவில்லை. வண்டி போக 30 நிமிடம், ஆட்களை இறக்க 5, காலியாகத் திரும்பி வர 30, அடுத்த கூட்டத்தை ஏற்ற 10. ஆக ஒரு சுற்றுக்கு 75 நிமிடம். கல்யாணம் காலை 10 மணிக்கு என்றால் கடைசி ஆள் 9.30-க்காவது வந்து உட்கார வேண்டும், அப்படியானால் நாலாவது ட்ரிப் 9 மணிக்குக் கிளம்பணும், மூன்றாவது 7.45, இரண்டாவது 6.30, முதல் ட்ரிப் விடியற்காலை 5.15! அந்த முதல் 20 பேர் யார் என்று யோசித்துப் பாருங்கள், யாரும் கையைத் தூக்க மாட்டார்கள். எல்லாரும் கடைசி வண்டிக்குத்தான் வந்து நிற்பார்கள்.

50 சீட் பஸ் ஒன்றைப் பேசி 7.45-க்கும் 9 மணிக்கும் இரண்டே ட்ரிப் விடுங்கள். 80 பேருக்கு 100 சீட் வீண் இல்லையா என்று அப்பா கேட்பார். இல்லை. கூட்டம் சரிபாதியாகப் பிரிந்து ஏறாது, 9 மணி வண்டியில்தான் நெருக்கும். அந்த வேனையும் விட்டுவிடாதீர்கள், பஸ் போனபிறகு ஈரத்தலையோடு ஓடி வருகிறவர்களுக்கு அதுதான் கதி. ஆனால் பஸ் பேசுவதற்கு முன்னால் ஒரு விஷயம்: பெரிய பஸ் கிட்டத்தட்ட 12 மீட்டர் நீளம் இருக்கும், மண்டபத்துத் தெருவில் திரும்புமா, வாசல் வளைவிலும் தொங்கும் ஒயரிலும் இடிக்குமா என்று டிரைவரையே ஒருமுறை நேரில் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களும் கல்யாணக் கிழமையிலேயே, அதே நேரத்தில் அந்த வழியில் ஒருதரம் போய்ப் பாருங்கள். ஞாயிறு மதியம் 30 நிமிடமாக இருக்கிற சாலை திங்கள் காலையில் 50 ஆகிவிடும், அப்புறம் மேலே போட்ட கணக்கு மொத்தமும் போச்சு.

இதெல்லாம் போகும் வழிக்கு. சொதப்புவது பெரும்பாலும் திரும்பி வரும்போதுதான். மண்டபத்துக்குப் போகும்போது எல்லாருக்கும் ஒரே நேரம், திரும்பும்போது ஆளுக்கொரு நேரம். குழந்தை தூங்கிவிட்டது என்று ஒருத்தர், ரயிலைப் பிடிக்கணும் என்று பெட்டியோடு ஒருத்தர், இன்னும் ஒரு போட்டோ என்று ஒரு கும்பல். திரும்ப மூன்று நேரம் வைத்து, கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதை முந்தின நாளே எல்லார் போனுக்கும் அனுப்பிவிடுங்கள். எங்கள் உறவில் ஒரு கல்யாணத்தில் பஸ் டிரைவர் நம்பர் மாமா ஒருவரிடம் மட்டும் இருந்தது, அவர் போன் சார்ஜ் இல்லாமல் அணைந்து போனது, 11 பேர் வாசலில் நிற்க, பஸ் பின்பக்க கேட்டில் முக்கால் மணி நேரம் காத்திருந்துவிட்டுப் போய்விட்டது. அந்த 11 பேரில் நானும் ஒருவன். அதனால் சொல்கிறேன், கல்யாண வேலை எதுவும் இல்லாத ஒருத்தரை வண்டிக்கென்றே நிறுத்துங்கள், டிரைவர் நம்பர் குறைந்தது மூன்று பேரிடம் இருக்கட்டும்.

ட்ராவல்ஸ்காரரிடம் வாய்ப்பேச்சு வேண்டாம். வெயிட்டிங் நேரம், கூடுதல் கிலோமீட்டர், டோல், பார்க்கிங், டிரைவர் பேட்டா எல்லாம் அந்தத் தொகைக்குள்ளா வெளியிலா, வண்டி மக்கர் செய்தால் மாற்று வண்டி எவ்வளவு நேரத்தில் வரும், இவ்வளவையும் எழுதி வாங்குங்கள். காலையிலிருந்து ஓட்டிய டிரைவரே ராத்திரியும் ஓட்டுவாரா என்றும் கேளுங்கள். ஆமாம் என்றால் இரண்டாவது டிரைவரைக் கேட்டு வாங்குவது உங்கள் பொறுப்பு.

கேள்வி: பாட்டிக்கு முழங்கால் வலி, வேன் படி ஏற முடியாது. தூக்கி ஏற்றலாமா?

பதில்: வேண்டாம், அவருக்கும் கஷ்டம், கூச்சமும்கூட. தனிக் கார் வையுங்கள். உயரமான ஜீப் மாதிரி வண்டி இல்லாமல், உட்காரும் இடம் அவர் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே இருக்கிற சாதாரணக் கார். முன்சீட்டைப் பின்னால் தள்ளி, முதலில் உட்கார வைத்து, பிறகு காலை உள்ளே எடுத்து வைக்கட்டும். அந்தக் கார் நாள் முழுக்க மண்டபத்திலேயே நிற்கட்டும், வேறு வேலைக்கு அனுப்பாதீர்கள். அவருக்கு எப்போது அலுக்கும் என்று சொல்ல முடியாது.

கேள்வி: வேனில் வருகிறீர்களா என்று கேட்டால் எல்லாரும் பார்த்துக்கலாம் என்கிறார்கள். எப்படித்தான் கணக்கு எடுப்பது?

பதில்: கேள்வியை மாற்றுங்கள். "7.45 வண்டியா, 9 மணி வண்டியா, சொந்த வண்டியா?" என்று கேட்டால் ஏதாவது ஒன்றைச் சொல்லித்தான் ஆகவேண்டும். திரும்புவதைத் தனியாகக் கேளுங்கள், போகும்போது பஸ்ஸில் வந்தவர் வரும்போது மச்சான் காரில் தொற்றிக்கொள்வார், காரில் வந்தவர் பஸ்ஸைத் தேடுவார். பதிலே வராதவர்களைப் பஸ் கணக்கிலேயே சேர்த்துவிடுங்கள்.